பெட்டி யார் கையில்?

பயணத்தையும் இணையத்தையும் ஒன்றாக வைத்துப் பேசினால் இலக்கிய நண்பர்களின் முகம் சுருங்கிவிடுகிறது. அவர்களுக்குப் பயணம் என்றால் தொலைதல். பெயர் தெரியாத நிலையத்தில் இறங்கி நிற்பது, வீட்டிலிருந்து யாரும் கூப்பிட முடியாத தூரத்தில் சில நாட்கள் இருப்பது. சட்டைப்பையில் இணையத்தைச் சுமந்துகொண்டு போவது கோயிலுக்குள் செருப்போடு நுழைவதற்கு ஒப்பானது என்று நண்பர் ஒருவர் ஒரு கூட்டத்தில் சொன்னார். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். அந்த வாதத்தின் கவர்ச்சி எனக்கும் தெரியும். ஆனால் சொன்னவரும் தலையசைத்தவர்களும் பெரும்பாலும் நாற்பது ஐம்பது வயது ஆண்கள், ஆங்கிலம் தடையின்றிப் பேசுபவர்கள், எந்த ஊரிலும் வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்துவிடக் கூடியவர்கள். தொலைவதை ஒருவர் இன்பமாக எண்ண வேண்டுமானால், திரும்பிவிட முடியும் என்ற நிச்சயம் முதலில் அவரிடம் இருக்க வேண்டும். அது எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை.

எனவே இணையம் பயணத்தைக் கெடுத்துவிட்டதா என்ற பழைய விவாதத்துக்குள் நான் போகவில்லை. என் கேள்வி அதைவிடச் சிறியது. ஐந்தாறு பேர் சேர்ந்து வெளிநாடு போகிறார்கள். எல்லோருக்குமாக ஒரே ஒரு கையடக்க வைஃபை பெட்டி. அது யாருடைய பையில் இருக்க வேண்டும்?

அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். குடும்பத்தின் அதிகார அடுக்கை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் பொருள் பயணத்தில் வேறொன்று இல்லை என்றே நினைக்கிறேன். (கடவுச்சீட்டுகளை எல்லாம் ஒருவரே வாங்கி வைத்துக்கொள்வதை வேண்டுமானால் இரண்டாவதாகச் சொல்லலாம்.)

பெட்டியைப் பற்றி அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். ரூட்டர் என்பதைத் தமிழில் ‘திசைவி’ என்று ஆக்கியிருக்கிறார்கள். கலைச்சொல் குழுக்களின் உருவாக்கங்களில் பாதிக்கு மேல் நாவில் நிற்பதில்லை என்றாலும் இது நல்ல சொல். வந்து சேரும் செய்தியை உரிய திசையில் அனுப்பி வைப்பது. வீட்டில் சுவரோரம் பச்சை விளக்கோடு கண் சிமிட்டும் அதே கருவியைச் சீட்டுக்கட்டு அளவுக்குச் சுருக்கி, உள்ளே ஒரு சிம் அட்டையையும் மின்கலத்தையும் வைத்தால் கையடக்கத் திசைவி. ஒரு பக்கம் அது கைப்பேசிக் கோபுரத்தோடு பேசுகிறது. மறு பக்கம் தன்னைச் சுற்றிச் சிறிய வைஃபை வட்டத்தை உண்டாக்குகிறது. 2009இல் அமெரிக்காவில் நோவாடெல் நிறுவனம் ‘மைஃபை’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானின் இமொபைல் நிறுவனம், ஹுவாவே தயாரித்த ஒரு பெட்டியைப் ‘பாக்கெட் வைஃபை’ என்று விற்கத் தொடங்கியது. ஐந்து கருவிகள் இணையலாம், நான்கு மணி நேரம் தாங்கும். இமொபைல் பிற்பாடு சாஃப்ட்பேங்க் குழுமத்தில் கரைந்துவிட்டது. அந்த வணிகப் பெயர் மட்டும் ஜப்பானில் இவ்வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்குமான பொதுப்பெயர்போல மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

இது வேலை செய்யும் விதத்தில் ஒரு கூட்டுக்குடும்பச் சாயல் இருக்கிறது. பெட்டியோடு இணையும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் அது ஒரு உள்வீட்டு எண்ணைக் கொடுக்கிறது. 192.168 என்று தொடங்கும் அந்த எண்கள் வெளியே செல்லாதவை. தனிப்பட்ட வலையமைப்புகளுக்கென்றே 1994இல் ஒதுக்கி வைக்கப்பட்டவற்றுள் அடங்குபவை. பழைய முகவரி முறையில் உலகம் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே சாத்தியம் என்பதால் வந்த ஏற்பாடு இது. உள்ளே அறுவர் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஒரே கதவிலக்கம். யாருக்கு வந்த கடிதம் யாரிடம் போக வேண்டும் என்பது பெட்டிக்கு மட்டும் தெரியும். பெட்டியிலிருந்து விலகிப் போனவர் உள்வீட்டு எண்ணையும் இழக்கிறார், கதவிலக்கத்தையும் இழக்கிறார். அவருடைய கைப்பேசி ஒரு புகைப்படக் கருவியும் கடிகாரமுமாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தப் பெட்டி ஜப்பானில் வேரூன்றியது தற்செயல் அல்ல. 2000களில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன சாதாரண ஜிஎஸ்எம் கைப்பேசி அங்கே உயிர் பெறாது. ஜப்பானின் இரண்டாம் தலைமுறை அலைபேசி முறை உலகத்தோடு ஒட்டாத தனி வழி. பேசும் வசதியுள்ள சிம் வாங்கலாம் என்றால், கைப்பேசி மோசடிகளைத் தடுக்க 2005இல் இயற்றப்பட்ட சட்டம் அடையாளச் சோதனையைக் கட்டாயமாக்கியது. உள்ளூர் முகவரி இல்லாத சுற்றுலாப் பயணிக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. கட்டணமில்லா வைஃபையும் அன்று அரிது. 2011இல் ஜப்பானியச் சுற்றுலாத் துறை வெளிநாட்டுப் பயணிகளிடம் நடத்திய கருத்தாய்வில் முன்னணியில் நின்ற குறை அதுதான். 2013இல்தான் அந்நாட்டுக்கு வரும் அயல்நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை முதல்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. 2024இல் அது 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். இந்த வெள்ளத்தின் முதற்பாதி நரிதா, ஹனேடா, கன்சாய் விமான நிலையங்களின் வாடகைப் பெட்டிக் கடைகளின் முன் வரிசையில் நின்று நகர்ந்தது.

வாடகை முறையில் எனக்கு மிகப் பிடித்த அம்சம் அதன் முடிவு. பெட்டியோடு முகவரி அச்சிட்ட, தபால் கட்டணம் முன்பே செலுத்தப்பட்ட ஓர் உறையையும் கொடுத்துவிடுகிறார்கள். ஊர் திரும்பும் நாளில் பெட்டியை அதில் போட்டு ஒட்டி, தெருவோரச் சிவப்புத் தபால் பெட்டியில் சேர்த்துவிட்டால் போதும். இணையம் தன் வீட்டுக்குத் தபாலில் போகிறது. கடிதத்தைக் கொன்றது இணையம் என்று புலம்பும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் மகிழ்கிறார்கள்.

இனி யார் கையில் என்ற விஷயம். விமான நிலையத்துக் கடையில் கையெழுத்திடுபவர் வாங்குகிறார். வாங்கியவரின் பைக்குள்ளேயே அது பயணம் முடியும்வரை இருந்துவிடுகிறது. அநேகமாக அவர்தான் திட்டம் போட்டவர், வழி தெரிந்தவர், கூட்டத்தின் முன்னால் நடப்பவர். பெட்டி தொலைந்தால் கட்ட வேண்டிய தொகை அவர் கடன் அட்டையில்தான் விழும் என்பதால் அவர் வைத்திருப்பது நியாயமாகவே தோன்றும். கியோட்டோவிலும் நாராவிலும் இந்தியக் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீனக் குடும்பங்களையும், ஒருமுறை இத்தாலியர் கூட்டம் ஒன்றையும். எங்கும் ஒரே வரிசை. முன்னால் பெட்டிக்காரர். அவருக்குப் பின்னே குழந்தைகள். அப்புறம் மனைவி. கடைசியில், ஐந்தாறு கடைகள் பின்தங்கி, மூட்டு வலியோடு வரும் ஒரு முதியவர், அல்லது எதையாவது நின்று பார்த்துவிட்டு ஓடிவரும் ஒரு சிறுமி. அதாவது வட்டத்தின் மையம் யாருக்கு அது மிகக் குறைவாகத் தேவையோ அவரிடம். மிக அதிகமாகத் தேவைப்படக் கூடியவர் வட்டத்தின் விளிம்பில்.

அந்த வட்டம் எவ்வளவு பெரியது? திறந்த வெளியில் பத்து மீட்டருக்கு மேலும் எட்டும். ஆனால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நீர் உறிஞ்சுகிறது. மனித உடல் பெரும்பாலும் நீர். நெரிசலில் ஒவ்வொரு உடலும் ஒரு சுவர். ஆக, கூட்டம் குறைவாக இருந்து எல்லோரும் எல்லோரையும் பார்க்க முடிகிற இடத்தில் வட்டம் விரிந்திருக்கிறது. ஒருவரை ஒருவர் தவறவிட வாய்ப்புள்ள நெரிசலில் அது சுருங்கிப்போகிறது. தோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தைப் பெருந்தொற்றுக்கு முன் நாளொன்றுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தினார்கள். வாசல்கள் மட்டும் 200க்கும் மேல். அங்கே பெட்டிக்காரர் ஒரு படிக்கட்டில் ஏறி, பின்னால் வருபவர் பக்கத்துப் படிக்கட்டில் ஏறினால் போதும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நெல்லைக்கார நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு ஒசாகா போயிருந்தேன். நண்பர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், அறுபத்தொன்பது வயதான அம்மா. கோட்டையைப் பார்த்துவிட்டு மாலையில் ஒசாகாஜோகோயென் நிலையத்தில் நிற்கிறோம். அலுவலகம் விடும் நேரம். வண்டி வந்ததும் கூட்டத்தின் தள்ளலில் அம்மா உள்ளே போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது. நாங்கள் வெளியே.

நண்பர் பதறவில்லை. “வளையப் பாதைதானே, சுற்றிக்கொண்டு இங்கேயே வந்துவிடும்” என்றார். ஒசாகா வளையப் பாதை பெயருக்கு வளையம்தான். ஆனால் அதில் ஓடும் எல்லா வண்டிகளும் சுற்றிவருபவை அல்ல. அதே தண்டவாளத்தில் பாதி தூரம் வந்து, தென்னோஜி நிலையத்தோடு பிரிந்து, நாராவுக்குப் போகிற விரைவு வண்டிகளும் உண்டு. அம்மா ஏறியது எந்த வண்டி என்று எங்களில் எவரும் கவனித்திருக்கவில்லை.

அம்மாவின் கைப்பேசியில் எல்லாம் இருந்தன. மகன் ஏற்றிக் கொடுத்த மொழிபெயர்ப்புச் செயலி இருந்தது. வரைபடம் இருந்தது. விடுதி முகவரி குடும்பக் குழுவுக்கு வந்த செய்தியாக எங்கோ மேலே இருந்தது. வண்டி நகர்ந்த சில விநாடிகளில் பெட்டி அவருக்கு எட்டாமல் போய்விட்டது. நண்பர் வாட்ஸப்பில் அழைத்துக்கொண்டே இருந்தார். அனுப்பிய செய்திகளுக்கு நேராக ஒற்றைக் கோடு மட்டும் நின்றது. அவருடைய சட்டைப்பையில் பெட்டி நான்கு புள்ளிச் சமிக்ஞையோடு பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. நிலையத்தை விட்டு எங்கும் நகராமல் நின்றிருந்த, நிலைய ஊழியரிடம் ஆங்கிலத்தில் விசாரிக்கவும் தெரிந்த எங்கள் ஐவருக்கும் முழு இணைப்பு இருந்தது.

அம்மா அடுத்த நிலையமான கியோபாஷியிலேயே இறங்கிவிட்டார். கூட்டம் குறையும்வரை ஓர் இருக்கையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சீருடை அணிந்த ஊழியர் ஒருவரிடம் போய்க் கைப்பையிலிருந்து விடுதியின் காலை உணவுச் சீட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். அதில் விடுதியின் பெயர் ஜப்பானிய எழுத்தில் அச்சாகியிருந்தது. ஊழியர் விடுதிக்குப் பேச, விடுதிக்காரர்கள் முன்பதிவுத் தளம் வழியாக நண்பருக்குச் செய்தி அனுப்பினார்கள். ஐம்பது நிமிடங்கள். ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. ஜப்பானில் நேர்வதும் அரிது.

மறுநாள் காலை, கிளம்பும்போது அம்மா கையை நீட்டினார். “ஏல, அந்தப் பொட்டிய எங்கிட்ட தா. வழி தெரிஞ்சவனுக்கு எதுக்குல வெளக்கு?”

நண்பர் சிரித்துவிட்டு, “ஒங்களுக்கு அத சார்ஜ் போடத் தெரியாதும்மா” என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது. பெட்டி அவர் பையிலேயே ஏறியது. அந்தப் பதிலைத்தான் நான் மறக்க முடியாமல் வைத்திருக்கிறேன். அம்மா நாற்பது ஆண்டுகள் ஒரு கூட்டுறவு பண்டகசாலையின் கணக்கைப் பார்த்தவர். மாலையில் ஒரு கம்பியைச் சொருகுவது அவருக்கு முடியாத காரியம் அல்ல.

அம்மா கேட்டது அறிவுபூர்வமானது என்பதே என் வாதம். கூட்டத்தில் இணைப்பு இல்லாமலே சமாளிக்கக் கூடியவர் யார் என்று பாருங்கள். பெட்டி அவரிடம் இருக்கக் கூடாது. அவர் வரைபடத்தை முன்னிரவே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். இணையமின்றியும் அது வேலை செய்யும், அவர் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் காட்டிக் கொடுக்கும். நிலையப் பெயர்களை ஆங்கில எழுத்தில் படித்துக்கொள்ள அவரால் முடியும். பிரிந்துவிட நேர்ந்தால் யார் தனியே திண்டாடுவாரோ, அவரிடம் பெட்டி இருக்கட்டும். வழி காட்டுபவருக்கும் இணையம் வேண்டுமானால், அவர் அந்த முதியவருக்குப் பக்கத்தில் நடக்கட்டும். இந்த ஒரு மாற்றத்தினால் கூட்டத்தின் நடை வேகம்கூட மாறிவிடும். முன்னால் போகிறவருக்குப் பின்னால் எல்லோரும் ஓடுவதற்குப் பதிலாக, கடைசியில் வருபவரின் வேகத்துக்கு மற்றவர்கள் இறங்கி வருவார்கள். திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை இப்போது முன்னால் போகிறவருக்கு.

இதற்கு நான் கேட்ட மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. பிரிந்த பின் பெட்டி முதியவரிடம் இருந்தால் மற்ற ஐவரும் இணைப்பின்றி நிற்பார்களே, அவர் அனுப்பும் செய்தியை யார் வாங்குவது? நியாயமான கேள்வி. ஜப்பானில் இது முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது. செவன் இலெவன் கடைகளில் கிடைத்துவந்த இலவச வைஃபை 2022 மார்ச்சோடு நின்றது. ஃபேமிலிமார்ட்டும் அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திக்கொண்டது. ஆனால் விடுதி வரவேற்பறையும் பெரிய நிலையங்களும் விமான நிலையங்களும் காபிக் கடைகளும் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போய், உள்நுழைவுப் பக்கத்தில் மின்னஞ்சலைத் தட்டி, விதிமுறைகளுக்குச் சம்மதித்து இணையக் கூடியவர்கள் அந்த ஐவர்தான். கியோபாஷி நிலையத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த அம்மா அல்ல. சிரமத்தை யாரிடம் விட்டுவைப்பது என்பதே கேள்வி என்றால், தாங்கக் கூடியவரிடம்.

இன்னொன்று, நம் பயணிகள் எவரும் அதிகம் யோசிக்காதது. ஊர்க் கைப்பேசியின் ரோமிங் கட்டணத்துக்கு அஞ்சி, விமானத்தில் இட்ட விமானப் பயன்முறையை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியின் வைஃபையை மட்டும் போட்டுக்கொள்வது நம்மவர் வழக்கம். ஜப்பானிய வானிலை முகமை 2007 அக்டோபரிலிருந்து நிலநடுக்க முன்னெச்சரிக்கையைப் பொதுமக்களுக்கு வழங்கிவருகிறது. கைப்பேசிக் கோபுரங்கள் அதைத் தம் எல்லைக்குள் இருக்கும் கைப்பேசிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகின்றன. அதிர்வு வந்து சேர்வதற்குச் சில விநாடிகள் முன்பு நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் ஒன்றாகக் கதறுவதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த ஒலிபரப்பு கோபுரத்திலிருந்து வருவது, வைஃபை வழியே வருவதல்ல. விமானப் பயன்முறையில் இருக்கும் கைப்பேசிக்கு அது எட்டாது. 2014இல் ஜப்பானியச் சுற்றுலாத் துறையின் மேற்பார்வையில் பயணிகளுக்காக வெளிவந்த ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலி இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆனால் அது இணையம் வழியே வருவது, எனவே பெட்டி எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டுமே. பயன்முறையை நீக்கிவிட்டு ரோமிங் தரவை மட்டும் அணைத்துவைப்பது மேல். நான் பார்த்தவரை, வட்டத்தின் விளிம்பில் இருப்பவரின் கைப்பேசிதான் பெரும்பாலும் விமானப் பயன்முறையில் இருக்கிறது. ‘எதையும் தொடாதீங்க, பில் ஏறிடும்’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஜப்பானியர்கள் இதைப் பற்றி நம்மைவிட அதிகம் யோசித்திருக்கிறார்கள். 2011 மார்ச் நிலநடுக்கத்தின் அனுபவத்துக்குப் பிறகு, பெரும் பேரிடர் நேர்ந்தால் போட்டி நிறுவனங்கள் எல்லாம் தத்தம் வைஃபையை ஒரே பொதுப்பெயரில் கட்டணமும் கடவுச்சொல்லும் இன்றித் திறந்துவிடுவது என்று ஓர் ஏற்பாடு உருவானது. அந்தப் பெயர் ‘00000ஜப்பான்’. 2016 ஏப்ரலில் குமமோட்டோ நிலநடுக்கத்தின்போது முதன்முதலாக உண்மையில் திறக்கப்பட்டது. 2024 ஜனவரி முதல் நாள் நோட்டோ தீபகற்பம் குலுங்கியபோதும் திறந்தது. முன்னால் ஏன் ஐந்து சுழியங்கள்? கைப்பேசி வைஃபை பெயர்களை வரிசையாக அடுக்கும்போது அது மேலே வந்து நிற்க வேண்டும், பதற்றத்தில் இருப்பவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. கடவுச்சொல் இல்லாததால் அந்த இணைப்பில் மறைகுறியாக்கம் இல்லை, வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள் என்று கூடவே எச்சரிக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் பாதுகாப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எட்டுதலை வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு வைஃபை பெயரை வைப்பதில்கூட, எல்லோரையும்விட நிலைகுலைந்திருப்பவரை நினைத்து முடிவெடுத்திருக்கிறார்கள்.

தொலைவதை விரும்பும் என் இலக்கிய நண்பர்களிடம் இந்த இடத்தில் திரும்பி வருகிறேன். 1930களின் நடுவில் ஜப்பானில் புகைப்படக் கலை பயின்ற ஏ.கே. செட்டியார் அந்நாட்டைப் பற்றி எழுதினார். 1960களில் தி. ஜானகிராமன் அங்கே போய்வந்து ‘உதயசூரிய’னை எழுதினார். இரண்டும் தமிழில் நமக்குக் கிடைத்த செல்வங்கள், ஐயமில்லை. ஆனால் தமிழ்ப் பயண நூல்களைப் பெரும்பாலும் எழுதியவர்கள் தனித்துச் சென்ற ஆண்கள். குடும்பத்தோடு போனவர் எழுதும்போதும் குடும்பம் புகைப்படத்தின் ஓரத்தில் நிற்கிறது. பின்னால் நடந்து வந்தவர்கள் என்ன பார்த்தார்கள்? நின்று பார்த்ததற்காகத் திட்டு வாங்கிய சிறுமி எதற்காக நின்றாள்? நமக்குத் தெரியாது. அவர்களுக்குத் தம் பயணத்தைத் தாமே யாரிடமாவது சொல்லும் வழி அப்போது இல்லை. ஊர் திரும்பிய பின் குடும்பத் தலைவர் சொல்வதற்குத் தலையாட்டினார்கள்.

ஒசாகாவில் அம்மாவை இரவுகளில் கவனித்திருக்கிறேன். விடுதி அறையில் எல்லோரும் ஒரே வட்டத்துக்குள் இருக்கும் அந்த நேரத்தில்தான் அவருடைய கைப்பேசிக்கு நிச்சயமான இணைப்பு. பாளையங்கோட்டையில் இருக்கும் தங்கைக்குக் குரல் பதிவுகளாக அனுப்பிக்கொண்டிருப்பார். கோட்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குளியலறைத் தொட்டி எவ்வளவு ஆழம், கடைக்காரி மீதிச் சில்லறையை இரண்டு கையாலும் கொடுத்தது, பூங்காவில் தன் வயதுக்காரிகள் நாலு பேர் உட்கார்ந்து கட்டிச் சோற்றைப் பிரித்தது, அதில் ஊறுகாய் இருந்தது. பகலில் பார்த்த இடத்திலேயே நின்று பேசியிருந்தால் இன்னும் என்னென்ன வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இணையம் பயணத்தைக் கெடுக்கிறது என்பவர்கள் இந்தப் பதிவுகளைக் கேட்டிருக்க வேண்டும். அந்த மூதாட்டியை எது பயணியாக்கியது என்று நான் அவர்களிடம் விவாதிக்கத் தயார்.

இனி எல்லாம் இசிம் காலம், பெட்டியே வழக்கொழிந்துவிடும், எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். 2018இல் ஐஃபோனில் இசிம் வந்தது. 2022இல் அமெரிக்காவில் விற்ற ஐஃபோன் 14இல் சிம் அட்டைக்கான துளையே இல்லை. ஊரிலிருந்தே பணம் கட்டி, ஒரு சதுரக் குறியீட்டைப் படம் பிடித்தால் விமானம் இறங்கும்போதே இணைப்பு வந்துவிடுகிறது. ஆளுக்கொன்று போட்டுக்கொண்டால் வட்டமும் இல்லை, விளிம்பும் இல்லை. உண்மைதான், முடிந்தவர்கள் அப்படியே செய்யட்டும். ஆனால் நம் வீடுகளில் முதியவர்கள் கையில் இருப்பது எந்தக் கைப்பேசி? மகனோ பேத்தியோ புதிது வாங்கியபின் ஒதுக்கிய பழையது. இசிம் ஏற்கும் வசதி அவற்றுள் பலவற்றில் இல்லை. இசிம் இருக்கும் ஒரே கைப்பேசியிலிருந்து மற்றவர்களுக்கு இணைப்பைப் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறார்கள். அது யாருடைய கைப்பேசி என்று கேட்டால் மறுபடியும் முன்னால் நடப்பவருடையது. பெட்டியையாவது இன்னொருவர் கையில் கொடுத்துவிடலாம். தன் கைப்பேசியை எவரும் கொடுக்க மாட்டார். எனவே கூட்டாகப் போகும் குடும்பத்துக்கு, அதிலும் பழைய கைப்பேசிகளோடு போகும் குடும்பத்துக்கு, இன்றும் நான் பரிந்துரைப்பது பெட்டியைத்தான். வழிகாட்டிக்கு ஓர் இசிம், முதியவரின் கைப்பையில் பெட்டி என்று இருந்தால் இன்னும் நல்லது. மேலே சொன்ன மறுப்புக்கும் அதில் பதில் இருக்கிறது.

கொடுக்கும்போது சிலவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி உடன் வையுங்கள். விடுதியின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஜப்பானிய எழுத்தில் இருக்கும் காகிதம் ஒன்று கட்டாயம் வேண்டும். மின்கலம் மாலைக்குள் தீர்ந்துவிடும் என்பதால் ஒரு பவர் பேங்கும் அதே பைக்குள் இருக்கட்டும். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக முடியும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. 2025 ஜூலை முதல் ஜப்பானிய விமானங்களில் அதைத் தலைக்கு மேலுள்ள அடுக்கிலும் வைக்க வேண்டாம், கண்ணில் படும்படி கையருகே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.